1975: ஒரே ஆண்டில் மூன்று விபத்துகள்

கூடங்குளம் என்று பேச்செடுத்தாலே அடுத்த வார்த்தை செர்னோபில் என்று வந்துவிடுகிறது. எனக்கென்னவோ அதற்கு 11 வருடம் முந்தைய 1975தான் நினைவுக்கு வரும். அணு, நீர், நிலக்கரி மூன்றிலும் அந்த ஒரே ஆண்டில் விபத்து நடந்தது.

முதலில் மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டினார். (ஆமாம், மெழுகுவர்த்திதான். அவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய இடத்தில்!) ஓட்டையை அடைத்திருந்த ஃபோம் பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்ததில் 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் கருகின. அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் செயலிழந்தன. மிச்சமிருந்த பம்புகளை வைத்துச் சமாளித்தார்கள். ஒருவரும் சாகவில்லை. அந்நாட்டு அணுமின் நிலையங்களின் தீத்தடுப்பு விதிகள் பின்னர் இதனாலேயே மாறின.

ஆகஸ்டில் சீனாவின் ஹெனான் மாகாணத்தைப் பெருமழை தாக்கியது. ஒரே நாளில் 100 சென்டிமீட்டருக்கு மேல். வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்குமாகக் கட்டிய பான்சியாவோ அணை 8ஆம் தேதி அதிகாலை உடைந்தது. கூடவே சிறிதும் பெரிதுமாக அறுபதுக்கும் மேற்பட்ட அணைகள் போயின. வெள்ளத்தில் மட்டும் சுமார் 26,000 பேர் இறந்தார்கள். பின்வந்த பட்டினியையும் நோயையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் என்போர் உண்டு. அந்நாட்டு அரசு நெடுங்காலம் இதை வெளியே விடவில்லை.

டிசம்பர் 27 நம் நாட்டில். தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கம். பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். நிலக்கரிப் புகையால் வருடா வருடம் சாகிறவர்களை யாரும் விபத்துக் கணக்கில் எழுதுவதே இல்லை.

தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் அணு உலையின் பக்கம்தான் நான் நிற்பேன். செர்னோபிலில் முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 30 பேர். பின்னாளில் புற்றுநோயால் 4,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று ஐ.நா. அமைப்புகள் 2005இல் கணித்தன. அதைவிட அதிகம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. பான்சியாவோ அணையை 1993இல் திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். செர்னோபில் ஊழியர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த பிரிப்யாத் நகரம் 1986இல் காலி செய்யப்பட்டது. அது இன்னும் காலியாகவே கிடக்கிறது.