இந்தியாவில் அகலக்கற்றை இணையப் பரவல்: தடைகளின் வரலாறு

முன்னுரை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. 1998இல் தனியார்க்கும் அத்துறை திறந்துவிடப்பட்டது. ஆயினும், தொலைபேசி எண்ணை அழைத்துப் பெறும் மெதுவான இணைப்பே பல்லாண்டுகள் நிலவியது. விரைவான அகலக்கற்றை இணைப்பு நாடெங்கும் பரவுவதற்கு எழுந்த தடைகளை இக்கட்டுரை காலமுறையில் ஆராய்கிறது.

கம்பியின் உரிமை

2004 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தைக் கீழெல்லையாக வரையறுத்தது. 2010க்குள் 2 கோடி இணைப்புகள் என இலக்கும் வகுத்தது. 2010 இறுதியில் எட்டப்பட்டவை ஏறத்தாழ 1.1 கோடியே. இக்குறைவிற்கான காரணங்களுள் ஒன்று அக்கொள்கையிலேயே அமைந்திருந்தது எனலாம். வீடுகளுக்குச் செல்லும் செப்புக் கம்பிகளில் மிகப்பெரும்பகுதி அரசுத் தொலைபேசி நிறுவனங்களிடம் இருந்தது. அவற்றைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வழிசெய்ய வேண்டுமெனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டில் பரிந்துரைத்தது. கொள்கையோ அதனைக் கட்டாயமாக்காது, நிறுவனங்களின் வணிக உடன்பாட்டிற்கே விட்டுவிட்டது. இதனால் கம்பி இருந்த வீட்டிலும் போட்டி நுழையவில்லை. புதிதாகக் கம்பியிட முனைந்தோர்க்குச் சாலை தோண்டும் இசைவும் இடத்திற்கு இடம் வேறுபட்ட கட்டணமும் தடையாயின. இவ்வழியுரிமைக்கான நடுவண் அரசின் விதிகள் 2016இல்தான் வந்தன.

ஊராட்சி வரை

ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற அதன் முதற்கட்டமான 1 லட்சம் ஊராட்சிகள் 2017 டிசம்பரில் நிறைவுற்றன. ஒளியிழை ஊராட்சி அலுவலகத்தை எட்டியதே இணைப்பாகக் கணக்கிடப்பட்டது. அங்கிருந்து வீடு வரையுள்ள தொலைவு கணக்கில் வரவில்லை. திருத்திய பாரத்நெட் திட்டத்திற்கு 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டமை, இக்குறையை அரசே உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

பயன்பாடு

2016க்குப் பின் நான்காம் தலைமுறைச் செல்பேசிச் சேவை மலிவானதால் கம்பியின் தடை பெரிதும் தளர்ந்தது. எனினும் வேறொரு தடை வெளிப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 அகவையினருள் இணையத்தை என்றேனும் பயன்படுத்திய ஆடவர் 57 விழுக்காட்டினர். மகளிர் 33 விழுக்காட்டினரே. ஊர்ப்புற மகளிரில் இது நான்கில் ஒரு பங்கு. ஒரே வீட்டிற்குள்ளும் செல்பேசி யார் கையில் இருக்கிறது என்பதே இணைப்பைத் தீர்மானிக்கிறது. மொழியும் இத்தகைய தடையே. ஆளுக்கொரு எழுத்துருக் குறிமுறை வழங்கிய காலத்தில், ஒருவர் தட்டச்சிட்ட தமிழை மற்றொருவர் கணினியில் படிக்க இயலாதிருந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தரப்படுத்தலை முன்னெடுத்ததும், பின்னர் ஒருங்குறி பரவியதும் அந்நிலையை மாற்றின.

முடிவுரை

கம்பி, ஊராட்சி, கைப்பேசி என ஒவ்வொரு கட்டத்திலும் கொள்கைகள் கருவி சென்றடைவதையே பரவலாகக் கொண்டன என்பது புலனாகிறது. பயன்படுத்துவோரை எண்ணாமல் இணைப்புகளை மட்டும் எண்ணும் கணக்கில், விடுபட்டோர் யாரென்பது மறைந்துவிடுகிறது. எனவே பயன்பாட்டையே அளவுகோலாகக் கொள்வது இனிவரும் திட்டங்களுக்கு இன்றியமையாதது.