மசாஜ் என்ற சொல்லும் பி.பி.டி. படிப்பும்



மெக்கானிக்கல் படித்தவன் மலருக்கு எழுதினால் பாய்லர், டர்பைன் என்றுதான் எழுதுவான் என நீங்கள் நினைக்கலாம். நான் எடுத்துக்கொண்டது பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவத்தின் கதை. காரணம், என் தங்கை.

1984-ல் தொடங்கிய நுழைவுத் தேர்வை எழுதி நான் இக்கல்லூரிக்கு வந்தது 2006-ல். அதை எழுதிய கடைசி செட் நாங்கள்தான். 2007-ல் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு என்றானது. அந்த மார்க்கோடு 2010-ல் கவுன்சலிங் போன தங்கைக்கு எம்.பி.பி.எஸ். கட்-ஆஃப் எட்டவில்லை. பி.பி.டி. எடுத்தாள். அப்போது அது நான்கு ஆண்டுப் படிப்பு, ஆறு மாதப் பயிற்சி. "போயும் போயும் மசாஜ் படிப்பா?" என்றார் பெரியப்பா. அன்றிரவு அவள் சாப்பிடவே இல்லை.

இந்த ஏச்சுக்கு வயது நூறுக்கு மேல். 1894-ல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடப்பதாக மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. நேர்மையாக வேலை செய்த செவிலியர்களுக்கும் அவப்பெயர். அவர்களில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். டாக்டர் சொல்லாமல் சிகிச்சை இல்லை, கண்ட பத்திரிகைகளில் விளம்பரம் இல்லை, தேர்வில் தேறாமல் உறுப்பினர் இல்லை. பழிச்சொல்லுக்கு அவர்கள் தந்த பதில் பாடத்திட்டமும் பரீட்சையும்தான்! 1920-ல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனமே கிடைத்தது. இடையில் வந்த முதல் உலகப் போரில் கை கால் முடங்கித் திரும்பிய வீரர்கள், இந்த வேலையின் அவசியத்தை உலகுக்கே காட்டிவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தது இளம்பிள்ளைவாதம். 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

நம் வேலூரில் நடந்தது இன்னொரு கதை. 1946-ல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தார். ஆனால் தைத்தால் மட்டும் விரல் நீளாது. எந்தத் தசை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று மூளைக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டும். அதாவது ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி. அங்கேயே, 1954-ல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, மற்றவர்களை நிமிர வைத்தார்.

சரி, இதில் இன்ஜினியருக்கு என்ன வேலை? தங்கையின் பயோமெக்கானிக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். நெம்புகோல், விசை, திருப்புத்திறன், எல்லாம் நம்ம முதல் வருடப் பாடம்! உள்ளங்கையில் 5 கிலோ வைத்து முழங்கையை மடக்கி நில்லுங்கள். தசை ஒட்டியிருப்பது மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளித்தான், எடை இருப்பதோ 35 செ.மீ. தள்ளி. ஆகவே தசை ஏழெட்டு மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். "அண்ணா, உங்க மெஷினுக்கு வலிக்காது, எங்க மெஷினுக்கு வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் தங்கை. இன்று அவள் பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்குகிறாள்.

2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பக்கவாதமும் விபத்தும் முதுமையும் இருக்கும்வரை இந்த வேலை இருக்கும். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் இத்துறையைத் தனித் தொழிலாக அங்கீகரித்துவிட்டது.

ஆகவே, பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கை உள்ள மாணவர்களுக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு கவலைப்படும் சீனியர் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. பயாலஜியோடு பிசிக்ஸையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விவரக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். கல்லூரி மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று பாருங்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால், "டாக்டர் ஸீட் கிடைக்கலையா?" என்ற கேள்வியை மட்டும் அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். நான்கு பெண்கள் அதற்கு 1894-லேயே பதில் சொல்லிவிட்டார்கள்.