ஊரைச் சொல்லப் போன பிள்ளைகள்

வெளிநாட்டுக்கு ஓராண்டு படிக்கப் போகும் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் தவிர இன்னொரு வேலையும் உண்டு. வகுப்பின் முன்னால் நின்று தன் நாட்டைப் பற்றியும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் உண்டு. 1915-ல் பாரிஸில் பியட் ஆண்ட்ரூ உருவாக்கிய அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ், போர்முனையில் அடிபட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற தன்னார்வப் படை. இரண்டாம் உலகப் போரில் இந்தியா - பர்மா முனையிலும் அவர்கள் வண்டி ஓட்டினார்கள். போர் ஓய்ந்ததும் ஸ்டீபன் கலாட்டி தலைமையில் கூடிப் பேசி, காயம்பட்டவர்களை ஏற்றியது போதும், இனிப் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று முடிவெடுத்தார்கள். 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்து இறங்கினார்கள்.

அதே காலத்தில் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழும் பல நாட்டு மாணவர்களை வரவழைத்து, அமெரிக்கக் குடும்பங்களில் தங்க வைத்து, தொலைக்காட்சியில் விவாதிக்க விட்டது. 1950-களில் இந்திய மாணவர்களும் அந்த மேசையில் உட்கார்ந்தார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, 2002-ல், பள்ளி மாணவர்களை வரவழைக்க அமெரிக்க அரசே கென்னடி - லூகர் உதவித்தொகையைத் தொடங்கியது. இந்தியப் பிள்ளைகளும் அதில் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே பன்னாட்டுக் கல்வி வாரம் வரும். இந்தப் பிள்ளைகள் பள்ளி பள்ளியாகப் பேசுவது அப்போதுதான்.

பேச்சு என்றதும் தேசியக் கொடி, தாஜ்மகால், பட்டுச்சேலை, சமோசா என்று வரிசை கட்டி நிற்கும். அதில் தப்பில்லை, உப்புச்சப்பும் இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாஜ்மகாலை அவள் படத்தில்தான் பார்த்திருப்பாள். ஆனால் மல்லாட்டை பிடுங்குகிற நாளில் கொல்லை மேட்டில் எத்தனை கை வேண்டும் என்று தெரியும். திண்டிவனம் சாலையில் திருவண்ணாமலை பஸ் பௌர்ணமியன்று எப்படிப் பிதுங்கி வழியும், 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் கால் எங்கே கடுக்கத் தொடங்கும், கார்த்திகையில் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றியதும் வீடுகளில் எப்படி அகல் ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கேதான்.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பரிமாற்றத் திட்டம் எதிலும் போனவர் அல்ல. 2021 நவம்பர் 2 அன்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் இருந்த அரங்கில் அவர் பேசினார். அந்த மேடை வரை அவரைக் கொண்டுபோனது அவர் தெருவில் தினமும் பார்த்த இஸ்திரி வண்டி. தேய்க்கிறவர் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, கங்கைப் பெட்டிக்குள் போட்டு, துணிகளைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, மிஞ்சிய கரியை வெயிலில் கொட்டி ஆறப் போடுவார். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி. இத்தனை கரியும் எங்கிருந்து வருகிறது, புகை எங்கே போகிறது என்று யோசித்த சிறுமி, வண்டியின் கூரையில் சூரியத் தகடு பொருத்தி, பேட்டரியில் ஓடும் இஸ்திரிப் பெட்டியை வடிவமைத்தார்.

2020-ல் சுவீடனின் சிறார் பருவநிலைப் பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டு இளவரசர் வில்லியமின் எர்த்ஷாட் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் வண்டி இடம்பிடித்தது. வண்டி போட்டியிட்ட பிரிவில் பரிசைத் தட்டிச் சென்றதும் ஓர் இந்திய முயற்சிதான்: பயிர்க்கழிவை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் டகாசார். வினிஷாவின் வண்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. செல்போன் சார்ஜ் போடும் வசதியையும் அதில் சேர்த்திருந்தார். துணி குறைவாக வரும் நாளில் தேய்க்கிறவர் அதிலும் நாலு காசு பார்க்கலாம்.