உடைந்த கடை, தறிக்கூடத்தை அன்றிரவே மூடி பத்திரப்படுத்துவது எப்படி? ஆர்.கே.பேட்டை பகுதி வியாபாரிகள், தறிக்காரர்களுக்கு முழு விவரம்

ஆர்.கே.பேட்டை:

காற்று மழையில் ஷட்டர் பிய்ந்து போகிறது. ராத்திரி நேரத்தில் தறிகெட்டு வந்த லாரி கடை முகப்பில் மோதி விடுகிறது. மின்கசிவால் தீப்பிடித்து கதவு, ஜன்னல் எரிந்து விடுகிறது. காரணம் எதுவானாலும் கடைக்காரருக்கு முதல் கவலை ஒன்றுதான். "உள்ளே இருக்கிற சரக்கை இன்னைக்கு ராத்திரி எப்படி காப்பாத்துறது?"

சேதம் ஒரு பங்கு என்றால், திறந்து கிடக்கும் கடையில் மழை புகுந்தும், திருட்டு போயும் ஏற்படுகிற நஷ்டம் பல நேரம் அதைவிட அதிகமாகி விடுகிறது. தகரம், பலகை, தார்பாய் கொண்டு முதல் நாளே ஒழுங்காக மூடினால் பாதி நஷ்டத்தை தடுக்கலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

வர்தா கற்றுக் கொடுத்த பாடம்

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. சென்னை, திருவள்ளூர், காஞ்சீபுரம் மாவட்டங்களில் மரங்களும், மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கூரைத் தகடுகளும், பேனர்களும் காகிதம் போல பறந்தன. கரண்ட் வர பல இடங்களில் நாட்கணக்கில் ஆனது.

அந்த புயலின் நடுப்பகுதி சென்னையை கடந்தபோது காற்று திடீரென்று அடங்கியது. புயல் முடிந்து விட்டது என்று பலர் வெளியே வந்தனர். சிறிது நேரத்தில் எதிர் திசையில் இருந்து மறுபடி பலமாக காற்று அடித்தது. எனவே காற்று நின்றதும் ஓடிப்போய் தகரம் அடிக்க கூடாது. வானிலை மையத்தின் அறிவிப்பு வந்த பிறகே வேலையை தொடங்க வேண்டும்.

நம்ம ஊர் கடற்கரையில் இருந்து தள்ளி இருக்கு, புயல் என்ன செய்யும் என்று நினைக்கக் கூடாது. 2021-ம் ஆண்டு நவம்பரில் புயலே வரவில்லை. மழையும், ஆந்திராவின் அம்மப்பள்ளி அணையில் திறந்து விட்ட தண்ணீரும் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் ஓடி பள்ளிப்பட்டு பகுதியில் தரைப்பாலங்கள் மூழ்கின.

காற்றின் பலம் எவ்வளவு?

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 57 கிலோ எடைக்கு சமமாக அழுத்தும். 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஷட்டர் மீது 400 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால்தான் அகலமான ஷட்டர் நடுவில் வளைந்து, இரண்டு பக்க சேனலில் இருந்தும் கழன்று வந்து விடுகிறது.

இன்னொரு விஷயம். ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், அது வெளியே போக வழி தேடி கூரையை கீழிருந்து தூக்கும். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் ஆஸ்பெட்டாஸ் ஷீட் போட்ட தறிக்கூடங்கள் அதிகம். இங்கே ஒரு ஜன்னலை மூடாமல் விட்டால் அடுத்த காற்றுக்கு ஷீட் பறக்கலாம். ஓட்டையை மூடுவது திருடனுக்காக மட்டும் இல்லை, கூரைக்காகவும்தான்.

முதலில் உயிர், அப்புறம் சரக்கு

உடைந்த கடைக்குள் நுழையும் முன் கவனிக்க வேண்டியவை:-

* மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு ஈரத்தில் நின்றபடி கை வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு போன் செய்து கம்பத்திலேயே இணைப்பை துண்டிக்க சொல்லுங்கள்.

* அறுந்து கிடக்கும் சர்வீஸ் வயர் தகரத்தில் உரசினால் முழு தகரத்திலும் கரண்ட் பாயும். வயரை அப்புறப்படுத்தாமல் தகரம் அடிக்கவே கூடாது.

* தூணில் சாய்வான விரிசல், தொங்கும் சன்ஷேடு, வெளியே தெரியும் கம்பி இருந்தால் உள்ளே போகாதீர்கள். வாகனம் மோதிய கடையில் தூண்தான் முதலில் அடி வாங்கியிருக்கும். முட்டு கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

* தீப்பிடித்த இடத்தில் துணி, நூல் பேல்களுக்கு நடுவே நெருப்பு கனன்று கொண்டே இருக்கும். தீயணைப்பு வீரர்கள் சரி என்று சொன்ன பிறகே மூட வேண்டும். தீயணைப்புக்கு 101.

* உடைந்த ஆஸ்பெட்டாஸ் ஷீட்டை அடித்து நொறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு கேடு. தண்ணீர் தெளித்து, மூக்கை நன்றாக மூடும் மாஸ்க் கட்டிக்கொண்டு முழுசாக எடுங்கள்.

போட்டோ எடுக்காமல் தொடாதீர்கள்

தகரம் அடித்த பிறகு சேதம் வெளியே தெரியாது. எனவே மூடும் முன்பே நான்கு பக்கமும் போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். உடைந்த ஷட்டர், பூட்டு, நனைந்த சரக்கு, தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் தெரிய வேண்டும். லாரி மோதியிருந்தால் வண்டி எண்ணும் தெரிய வேண்டும். உடைந்த பொருட்களை சர்வேயர் பார்க்கும் வரை தூக்கி எறியாமல் ஓரமாக வையுங்கள்.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாகன விபத்து, திருட்டு என்றால் எப்.ஐ.ஆர். நகல் அவசியம். திருட்டு நடந்த கடையில் ரேகை நிபுணர்கள் பார்த்து முடிக்கும் முன்பு எதையும் துடைக்கவோ, மூடவோ கூடாது.

எதை வைத்து மூடுவது?

சிறிய ஜன்னலுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். கதவு, ஷட்டர் போன்ற அகலமான இடத்துக்கு 18 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைப்பது 8-க்கு 4 அடி பலகை. கட்டிட வேலைக்கு வாடகைக்கு விடும் சென்ட்ரிங் பலகை, தகடுகளும் அவசரத்துக்கு உதவும்.

தகரம் மட்டும் அடித்தால் காற்றில் படபடத்து ஆணியை பிடுங்கி விடும். முதலில் 2 அடிக்கு ஒரு ரீப்பர் அல்லது சவுக்கு கட்டை வைத்து சட்டம் அடித்து, அதன் மேல்தான் தகரம். திறப்பின் அளவை விட நான்கு பக்கமும் அரை அடி கூடுதலாக இருக்க வேண்டும்.

வெறும் தார்பாயை வாசலில் கட்டுவது மழைச்சாரலை தடுக்கும். திருடனை தடுக்காது. ஒரு பிளேடு போதும் அவனுக்கு.

ஆணி நிக்காது, போல்ட் நிக்கும்

நம்ம ஆளுங்க செய்யும் பெரிய தப்பு, பூச்சு சுவரில் ஆணி அடிப்பது. ஈரமான பூச்சு பெயர்ந்து பலகையோடு கீழே வந்துவிடும். சுவர் நல்ல நிலையில் இருந்தால் டிரில் போட்டு அடிக்கு ஒரு ஆங்கர் போல்ட் போடுங்கள்.

சுவரே விரிசல் விட்டிருந்தால் அதில் டிரில் போட வேண்டாம். இதற்கு வேறு வழி இருக்கிறது. திறப்பின் உள்பக்கம், சுவரின் இரண்டு ஓரத்திலும் அழுந்தும்படி நீளமான இரண்டு கட்டைகளை குறுக்கே வையுங்கள். வெளியே பலகை. பலகையையும் கட்டையையும் துளைத்து நீள போல்ட் போட்டு உள்ளே இருந்து நட்டை முறுக்குங்கள். சுவர் நடுவில் இறுகி நிற்கும். வெளியே வழுவழுப்பான உருண்டை தலை மட்டும் தெரிவதால் ஸ்பேனர் போட்டு கழற்ற முடியாது.

ஒரு வழியை மட்டும் பூட்டு போடும் கதவாக விடுங்கள். அதன் கீல் ஸ்குரு வெளியே தெரியக் கூடாது.

உள்ளே ஆளை வைத்து அடைக்காதீர்கள்

காவலுக்கு என்று வேலைக்கார பையனை உள்ளே படுக்க வைத்து வெளியே பூட்டும் பழக்கம் சில இடத்தில் உள்ளது. இது கொலைக்கு சமம். நூல், துணி, அட்டைப்பெட்டி உள்ள இடத்தில் தீப்பிடித்தால் புகையிலேயே உயிர் போய்விடும். மூடிய கடைக்குள் மெழுகுவர்த்தி, ஜெனரேட்டர், அடுப்பு எதுவும் கூடாது. காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் வெளியே இருக்கட்டும்.

கூரைக்கு தார்பாய்

ஆஸ்பெட்டாஸ் ஷீட் மேல் நேராக கால் வைத்து ஏறாதீர்கள். உடைந்து உள்ளே விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. கீழே சட்டம் உள்ள இடம் பார்த்து, அகலமான பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். தார்பாயை கூரை முகட்டை தாண்டி மறுபக்கம் வரை போட்டால்தான் தண்ணீர் அடியில் புகாது. கயிறை கீழே உள்ள சட்டத்தில் கட்டி, மணல் மூட்டையை ஓரத்தில் வையுங்கள். செங்கல், கருங்கல் வைத்தால் காற்றில் உருண்டு யார் தலையிலாவது விழும். மின்கம்பத்தில் கயிறு கட்டவே கூடாது.

தறிக்காரர்கள் கவனத்துக்கு

கூலிக்கு நெய்பவர்கள் கூடத்தில் இருக்கும் பாவும், நூலும் பெரும்பாலும் முதலாளி கொடுத்தது. நனைந்தாலும், திருட்டு போனாலும் கணக்கு கேட்பது தறிக்காரரிடம்தான். கூடம் மூடிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் வாரக்கூலி போகிறது. எனவே தகரம் அடிக்கும் முன்பே பாவு, நூல், நெய்த லுங்கிகளை எண்ணி எழுதி, உயரமான இடத்துக்கோ, வேறு வீட்டுக்கோ மாற்றுங்கள். முதலாளிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

தண்ணீரில் நனைந்த மோட்டாரை போட்டு பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியன் உலர வைத்து, மெகர் வைத்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். கூடத்தை காற்று புகாமல் அடைத்தால் ஈர நூலில் பூஞ்சை பிடிக்கும். உயரத்தில் வலை அடித்த சிறிய இடைவெளி விடுங்கள்.

கைத்தறிக்காரர்களுக்கு உபகரணம், நூல் சேதத்துக்கு பேரிடர் நிவாரண நிதியில் உதவி பெற விதி இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் சேதத்தை பதிவு செய்யுங்கள்.

7 நாள் கணக்கு

2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற இன்சூரன்ஸ் பாலிசி நடைமுறையில் உள்ளது. ரூ.5 கோடி வரை மதிப்புள்ள கடை, தொழிற்கூடங்களுக்கு இது பொருந்தும். தீ, புயல், வெள்ளம், வாகனம் மோதுதல் ஆகியவற்றோடு, அந்த சேதம் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. 8-வது நாள் திருட்டு போனால் இந்த பிரிவில் பணம் கிடைக்காது. கொள்ளைக்கு தனி பாலிசி எடுத்திருக்க வேண்டும்.

மேற்கொண்டு நஷ்டம் ஆகாமல் பார்த்துக் கொள்வதும் பாலிசிதாரர் கடமை. கடையை திறந்தபடி போட்டு வைத்தால் அதை காரணம் காட்டி பணத்தை குறைப்பார்கள். தகரம், பலகை, கூலிக்கு பில் வாங்கி வையுங்கள். முதலாளி கொடுத்த நூலும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கட்டிடம் 30 நாளுக்கு மேல் காலியாக கிடந்தால் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

லாரி, வேன் மோதியிருந்தால் அந்த வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்சில் நஷ்ட ஈடு கேட்கலாம். இதற்கு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்.

வாடகை கடையா?

2017-ம் ஆண்டு வாடகை சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி, வாடகைக்காரர் செய்த சேதம் தவிர, சுவர், தூண், கூரை போன்ற கட்டுமான ரிப்பேர் உரிமையாளர் பொறுப்பு. அவசரத்துக்கு நீங்கள் மூடலாம். ஆனால் வாட்ஸ்அப்பிலாவது போட்டோவோடு தகவல் கொடுத்து விடுங்கள். வாய் வார்த்தை பின்னால் நிற்காது.

மூடிய பிறகு

* கண்ணாடித் துண்டுகளை சாக்கில் கட்டி, மேலே பெரிசாக 'கண்ணாடி' என்று எழுதி வையுங்கள். தூய்மைப் பணியாளர் கையை கிழிக்க கூடாது.

* தகரத்தின் கூர் முனையை மடக்கி விடுங்கள். நடைபாதையில் கட்டை நீட்டக் கூடாது.

* பணம், கணக்கு நோட்டு, விலை உயர்ந்த சரக்கை வீட்டுக்கு கொண்டு போய் விடுங்கள். 'உள்ளே சரக்கு இல்லை' என்ற அறிவிப்பும், உங்கள் போன் எண்ணும் வெளியே இருக்கட்டும்.

* போலீசில் சொல்லி வைத்தால் இரவு ரோந்தின்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. மாவட்ட பேரிடர் உதவிக்கு 1077.

* வாரம் ஒருமுறை போல்ட்டை முறுக்குங்கள். பிளைவுட் மழையில் ஊறினால் பலம் போய்விடும். இது சில வாரத்துக்கான ஏற்பாடுதான். இதையே கதவாக வைத்து வருஷம் ஓட்டக் கூடாது.

தாத்தா காலத்து பலகை கடை

ஷட்டர் வருவதற்கு முன்பு நம்ம ஊர் மளிகை கடைகளில் பலகை கதவுதான். ஒவ்வொரு பலகைக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ராத்திரி வரிசையாக காடியில் சொருகி, குறுக்கே இரும்பு பட்டை போட்டு பூட்டுவார்கள். அமெரிக்காவில் புளோரிடா கடைக்காரர்களும் புயல் சீசனுக்கு முன்பே பிளைவுட்டை அளவாக வெட்டி எண் போட்டு வைக்கிறார்கள். கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவதால் பயனில்லை என்று அங்குள்ள அதிகாரிகள் சொல்கிறார்கள். டேப் ஒட்டிய கண்ணாடி பெரிய பெரிய துண்டாக உடைந்து விழும், அவ்வளவுதான்.

அதையே நாமும் செய்யலாம். அக்டோபரில் வடகிழக்கு பருவமழை தொடங்கும் முன்பே கடை, தறிக்கூட ஜன்னல்களுக்கு அளவெடுத்து, பலகை வெட்டி, போல்ட் ஓட்டை போட்டு, எண் எழுதி பரண் மேல் போட்டு வையுங்கள். புயல் அடித்த மறுநாள் ஊர் பூராவும் தகரத்துக்கும், தச்சருக்கும் அலையும். உங்கள் பலகை உங்கள் பரணிலேயே இருந்தால் அரை மணி நேர வேலை. அன்று ராத்திரி நிம்மதியாக தூங்கலாம்.