அழிஞ்சு போற கோலத்துக்கு ஆர் வரலாறு எழுதினது?

கோலத்தின் வரலாற்றைத் தேடப் போனால் முதலிலேயே முட்டுப்படுவோம். விடியப் போட்ட கோலம் மத்தியானத்துக்குள்ள கால்பட்டும் எறும்பு தின்றும் போய்விடும். போட்ட பெண்ணின் பெயரும் எங்கேயும் இருக்காது. வேறு ஆராவது குறித்து வைத்த இடங்களில்தான் அதைப் பிடிக்கலாம்.

அப்படிப் பழைய இடம் ஒன்று, ஆண்டாளின் நாச்சியார் திருமொழி. தை மாதத்தில் தரையைத் துப்புரவாக்கி மண்டலமிட்டுக் காமனை வேண்டுகிறாள். அது இன்றைய புள்ளிக் கோலம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் நிலத்தில் வரைவது ஒரு வேண்டுதலாக இருந்திருக்கு. அதை எழுதினதும் ஒரு பெண்.

அங்கிருந்து ஒரே பாய்ச்சலாக 1970களின் தாம்பரத்துக்கு வருவோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அந்த இலக்கணம் எழுத்துகளை ஒரே வரிசையில் அடுக்குவது. படங்களுக்கு அது போதாது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளர வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த உதாரணம் வாசலில் இருந்தது. ஒருசில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் சின்னக் கோலத்திலிருந்து பெரிசு, அதிலிருந்து இன்னும் பெரிசு என்று போய்க்கொண்டே இருக்கலாம். 1974இல் கமலா கிருதிவாசனும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுக்குப் பிறகு உலகத்தில் கணிதம் படிக்கிற ஆட்கள் கன பேருக்குக் கோலம் என்ற சொல் தெரியும். நல்ல விசயம்தான். ஆனால் கையை எடுக்காமல் ஒரே இழையில் சிக்குக் கோலத்தைச் சுற்றி, தொடங்கின புள்ளியிலேயே கொண்டுவந்து முடித்த பெண்கள் பள்ளிக்கூடக் கணக்கை நம்பியா போட்டார்கள்?

அடுத்துக் கோலத்தைக் கவனித்தது பொலிஸ். 2019 டிசம்பர் 29, சென்னை பெசன்ட் நகர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தெருவில் கோலம் போட்டவர்களைப் பிடித்துப்போய்ப் பிறகு விட்டார்கள். அடுத்த நாள்களில் வீட்டு வாசல்களிலெல்லாம் அதே வாசகங்கள் மாவில் வந்தன. சாவு நடந்த வீட்டு வாசலில் கோலம் இருக்காது. தெருவுக்கு அது செய்தி. வாசல் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கு, அரசுக்கு அன்றுதான் கேட்டது.

2021 ஜனவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகக் கமலா ஹாரிஸ் பதவியேற்றபோது, ஓவியர் சாந்தி சந்திரசேகரும் நண்பர்களும் கூட்டுக் கோலம் ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். ஆளுக்கொரு சதுரமாக வந்து சேர்ந்தவை 1,800க்கும் மேல். கோலம் தெரியாதவர்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டு போட்டார்கள். ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு பாதுகாப்புக் கெடுபிடியால் வாஷிங்டனில் நினைத்தபடி விரிக்க முடியவில்லை. வீடியோவாகத்தான் உலகம் பார்த்தது.

இப்ப கோலப் பயிலரங்குகள் பல ஊர்களில் நடக்கின்றன. எங்களுக்கு ஒரு குறை: அச்சடித்த மாதிரித் தாளைக் கொடுத்துப் புள்ளியை இணைக்கச் சொல்வதோடு கன இடங்களில் அலுவல் முடிந்துவிடுகிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மா ஒழுகிற வேகம் தாளில் வராது. குனிந்து நின்றால் தெரியும் இடுப்பு வலி.

எங்கட வீடுகளில் கோலம் தைப்பொங்கலோடு சரி. முற்றம் மெழுகி, அரிசிமாவில், பானை வைக்கிற இடத்தைச் சுற்றி. அதனால் இந்தப் பொங்கலுக்கு முதல் நாங்கள் கூடினபோது தாள் கொடுக்கவில்லை. பழைய கோலக் கொப்பியோ ஞாபகமோ உள்ள ஆட்களைக் கேட்டு முற்றத்தில் போடச் சொன்னோம். படம் எடுத்தோம். கீழே இரண்டு வரி: எத்தனை புள்ளி, ஆர் சொல்லித் தந்தது. இரண்டாவது கேள்விக்குத்தான் கன நேரம் எடுத்தது. ஒரு அம்மம்மா தன் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிப்போட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறோமா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.