வணிக விளக்கக்காட்சி: ஆனேக்கல் தொழிற்பட்டை

வணிக விளக்கக்காட்சி என்பது வாடிக்கையாளர், முதலீட்டாளர், வங்கி, அரசு, மேலாண்மை என யாரிடமாவது ஒரு முடிவைக் கேட்டுப் பெறும் பொருட்டு, எண்களையும் படங்களையும் திரையிட்டு ஆற்றப்படும் உரை. அலுவலகப் பேச்சில் இது பிரசன்டேஷன். திரையிடப்படும் தொகுப்பு பிபிடி அல்லது டெக். பாடம் நடத்துவதிலிருந்தும் மேடைப்பேச்சிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டுவது அந்த முடிவுதான். கேட்டு முடித்தவர் ஆர்டர் தர வேண்டும், கடனுக்கு ஒப்ப வேண்டும், திரும்பி வந்த சரக்குக்குச் சொன்ன காரணத்தை ஏற்க வேண்டும். இவற்றில் ஒன்றும் நடக்காவிட்டால் உரை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டமான ஆனேக்கல், இந்தக் கலையின் ஏறத்தாழ எல்லா வகைகளையும் ஒரே சாலையோரத்தில் காணக்கூடிய இடம். ஓசூர் சாலையில் வடக்கே எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டித் தொடங்கி ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா வழியாகத் தமிழக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வரை தொழிற்சாலைகள் நீள்கின்றன, மேற்கே ஜிகணி. மருந்து நிறுவனம், இதய மருத்துவமனை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, ஒப்பந்த ஆராய்ச்சிக்கூடம் ஆகியவை சில கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் வேறு வேறு அவையிடம் பேசுகிறது. ஒன்றுக்குப் பொருந்தும் பேச்சு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

கடன் கேட்ட அவை, பங்கு விற்ற அவை

ஹெப்பகோடியில் வளாகம் கொண்டுள்ள பயோகான் 1978இல் கிரண் மஜும்தார் ஷாவால் பத்தாயிரம் ரூபாய் முதலீட்டில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் தொடங்கப்பட்டது. அயர்லாந்து நிறுவனம் ஒன்றுடனான கூட்டு முயற்சி அது. பப்பாளியிலிருந்து எடுக்கும் பாப்பெய்ன் போன்ற நொதிகளே முதல் சரக்கு. அப்போது அவருக்கு வயது 25. வங்கிகள் கடன் தரத் தயங்கின. தந்தையைப் பிணை வைக்கச் சொன்னவர்களும் உண்டு. உயிரித்தொழில்நுட்பம் என்பதை மேலாளர்கள் கேள்விப்பட்டதில்லை, கேட்பவரோ இளம்பெண். கடைசியில் முதல் கடனுக்கு வழி திறந்தது ஒரு பொது நிகழ்ச்சியில் தற்செயலாகச் சந்தித்த வங்கி அதிகாரி மூலம்.

2004 மார்ச்சில் அதே பயோகான் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியீட்டுக்கு முப்பது மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலிட்ட முதல் நாளிலேயே சந்தை மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. இந்த இடைவெளியைப் பேச்சுத்திறனின் வளர்ச்சியாகப் படிப்பது எளிது. ஆனால் மாறியது பெரும்பாலும் சான்று. 1978இல் காட்டக் கணக்கு இல்லை, 2004இல் கால் நூற்றாண்டுக் கணக்கு இருந்தது. கணக்கு இல்லாதவர் பேசும்போது கேட்பவர் எடைபோடுவது பேசுகிறவரைத்தான். அதனால் புதுத்தொழில் விளக்கக்காட்சிகளில் குழு, முன் அனுபவம், முதல் வாடிக்கையாளரின் பெயர் ஆகியவை தொடக்கத்திலேயே வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் விளக்கக்காட்சியில் அவற்றுக்குக் கடைசிப் பக்கம் போதும்.

ஐந்து ரூபாய்

பொம்மசந்திராவில் 2000இல் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா, வணிகப் பள்ளிகளில் இதய அறுவைச் செலவைக் குறைத்ததற்காகப் படிக்கப்படுகிறது. விளக்கக்காட்சியைப் படிப்பவர் அங்கே வேறொன்றையும் கவனிக்கலாம். கர்நாடகக் கூட்டுறவுச் சங்க உழவர்களுக்காக 2003இல் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பின்னணியில் இருந்த முதன்மையானவர்களில் ஷெட்டி ஒருவர். உறுப்பினர் அப்போது தர வேண்டியிருந்தது மாதம் ஐந்து ரூபாய். முதல் ஆண்டில் ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அறுவைச் சிகிச்சைப் பட்டியல், மருத்துவமனைகளின் வலைப்பின்னல், அரசு மானியம் என்று திட்டத்துக்குள் சிக்கல்கள் பல. உழவரிடமும் அமைச்சரிடமும் எடுத்துச்செல்லக் கூடியதாக இருந்தது அந்த ஒற்றை எண். ஆண்டுக்கு அறுபது ரூபாய் என்று சொல்லியிருந்தாலும் தொகை அதேதான். ஆனால் மாதம் ஐந்து என்பதைக் கேட்பவர் உடனே ஒரு தேநீரின் விலையோடு வைத்துப் பார்த்துவிடுகிறார். பெரிய திட்டத்தைக் கேட்பவரின் கையிலிருக்கும் அளவுகோலுக்குக் கொண்டுவருவதை விளக்கக்காட்சியின் பாதி வேலை என்றே சொல்லலாம்.

இதே நிறுவனத்தின் இன்னொரு வழக்கம் திரையையே விட்டுவிடுகிறது. முந்தைய நாளின் வருவாய், செலவு, மிச்சம் ஆகியவை நாள்தோறும் மூத்த மருத்துவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது பரவலாக எழுதப்பட்ட செய்தி. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பது பிணக்கூறாய்வு, அன்றன்று பார்ப்பது நோயறிதல் என்பது ஷெட்டி தரும் விளக்கத்தின் சாரம். மாதாந்திரக் கூட்டத்தில் முப்பது ஸ்லைடு ஓட்டும் துறைத்தலைவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வழக்கம் இது. எண் தாமதமாக வந்தால் அதைச் சுற்றி விளக்கம் பெருத்துவிடுகிறது.

தொழிற்கூடத்தில்

விளக்கக்காட்சி பற்றிய நூல்கள் பெரும்பாலும் விற்பனையையும் முதலீட்டையும் பேசும். ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் நாள்தோறும் நடப்பவற்றில் பெரும்பகுதி தரக்கட்டுப்பாட்டுத் துறையினுடையது. சன்சேரா இன்ஜினியரிங் போன்ற பெரிய உதிரிபாக நிறுவனத்திலிருந்து நான்கு லேத் எந்திரம் வைத்திருக்கும் பட்டறை வரை, வாகனத் தொழிலுக்குப் பொருள் தருவோர் எல்லோரும் ஒரு வடிவத்தை அறிவார்கள்: எட்டு டி. 1980களில் ஃபோர்டு நிறுவனம் வகுத்த முறை இது. அனுப்பிய சரக்கில் குறை கண்டு வாடிக்கையாளர் திருப்பிவிட்டால், குழு அமைத்தது, குறையை வரையறுத்தது, உடனடியாகத் தடுத்தது, மூலகாரணம் கண்டது, நிலையான திருத்தம், மறுபடி வராமல் காப்பது என்ற வரிசையில் பொருள் தந்தவர் வாடிக்கையாளர் முன் விளக்க வேண்டும்.

விளக்கக்காட்சிகளில் கடினமானது இதுவே. கேட்பவர் கோபத்தோடு வந்திருக்கிறார். பொருளைப் பற்றிப் பேசுகிறவர் அளவுக்கே அவருக்கும் தெரியும். நிறுவனத்தின் வரலாறு, விருதுகள், மேலாளரின் படம் என்று தொடங்கினால் அறையின் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும். பயன் தருவது எளிய முறை: குறைபட்ட பாகத்தை மேசைமேல் வைப்பது, எந்தத் தொகுதி, எத்தனை பாகம், இப்போது அவை எங்கே என்பதை முதல் பக்கத்திலேயே சொல்வது. மூலகாரணமாக “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதியிருந்தால் தேர்ந்த வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தை ஏற்கமாட்டார். கவனம் குறைந்தாலும் தவறு நேராதபடி எந்திரத்தில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார். டொயோட்டா வழக்கத்தில் இந்த முழுக்கதையும் ஏ3 தாள் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சிக்கல் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இதன் இன்னொரு முகம் தரவட்டம். பிஎச்இஎல்லின் ஐதராபாத் ஆலை வழியாக 1980இல் இந்தியாவுக்கு வந்த இந்த முறையில், ஒரே பிரிவில் வேலைசெய்யும் சில தொழிலாளர்கள் கூடித் தங்கள் சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து மேலாண்மைக்கு முன்வைப்பார்கள். மீன்முள் படம், பரேட்டோ படம், முன்–பின் ஒளிப்படம் ஆகியவையே கருவிகள். இந்த வட்டாரத்தில் மொழி ஒரு நடைமுறைக் கேள்வி. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி எல்லாம் ஒரே பிரிவில் கேட்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து அன்றாடம் எல்லை தாண்டி வருவோரும் உண்டு. ஸ்லைடு ஆங்கிலத்திலும் பேச்சு கன்னடம் அல்லது தமிழிலும் இருப்பது இயல்பான ஏற்பாடு. அதில் தவறில்லை. எழுதியதை எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்வதுதான், எந்திரத்தைக் கரைத்துக் குடித்தவரையும் ஒன்றும் தெரியாதவர் போல் காட்டிவிடுகிறது.

கருவியும் அதன் மீதான வழக்கும்

பவர்பாயிண்ட் 1987இல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்திலிருந்து ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குமுன் ஒளிபுகும் தாளில் எழுதி ஓஎச்பி வழியே காட்டுவது வழக்கம். தாள் தயாரிக்கச் செலவும் நேரமும் ஆனதால் பக்கங்கள் குறைவாக இருந்தன. மென்பொருள் அந்தத் தடையை நீக்கியது. நன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கடுமையான விமர்சனம் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டியுடையது. அவர் காட்டிய சான்று ஒரு விபத்து. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோதே, அதன் இறக்கையில் மோதிய நுரைத்துண்டு பற்றிப் போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஒரு விளக்கக்காட்சி தந்திருந்தார்கள். மோதிய துண்டு, சோதனைகளில் பயன்பட்டதைவிடப் பல நூறு மடங்கு பெரிது என்ற செய்தி அதில் இருந்தது. ஆனால் ஒரு ஸ்லைடின் அடிவரியில், துணைப்புள்ளிக்குத் துணைப்புள்ளியாக. தலைப்போ நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. விபத்து விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் இதைக் குறிப்பிட்டது. 2004இல் அமேசானின் ஜெஃப் பெசோஸ் மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயிண்டைத் தவிர்த்து, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பை எல்லோரும் முதலில் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

திரையில் இருக்கும் வரிகளை அப்படியே வாய்விட்டு வாசிப்பது கேட்பவரின் புரிதலைக் குறைக்கும் என்பது ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளில் தெரியவந்தது. கண்ணும் காதும் ஒரே சொற்களுக்காக மோதிக்கொள்கின்றன. படமும் பேச்சும் சேர்ந்தால் நன்மை. எழுத்தும் அதே பேச்சும் சேர்ந்தால் சுமை. கூட்டத்துக்குப் பிறகு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய ஆவணத்தையும் பேசும்போது காட்ட வேண்டிய படத்தையும் ஒரே கோப்பாகச் செய்வதால்தான் இந்தச் சுமை வருகிறது. இரண்டு கோப்பு செய்ய நேரமில்லை என்பார்கள். அறையில் இருபது பேர் செலவிடும் ஒரு மணி நேரத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பயிற்சி வகுப்புகளில் சுற்றிவரும் சில எண்களை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தியில் சொல்லுக்கு 7 விழுக்காடே பங்கு, மீதி குரலும் உடலசைவும் என்பது ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகளைத் திரித்தது. தனிச்சொற்களில் வெளிப்படும் விருப்பு வெறுப்பைப் பற்றியே அவை பேசின. காலாண்டுக் கணக்கைப் பற்றியல்ல. ஒரு ஸ்லைடில் ஏழு வரி என்ற விதிக்கு, குறுகியகால நினைவின் எல்லை பற்றி 1956இல் வந்த ஜார்ஜ் மில்லரின் கட்டுரையைச் சாட்சிக்கு அழைப்பதும் அப்படியே. கண்முன் இருக்கும் வரியை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கை கவாசாகியின் பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளி எழுத்து என்ற விதி, முதலீடு கேட்டு வருவோருக்காக அவர் சொன்ன நடைமுறை ஆலோசனை. அந்த அளவில் நல்லது.

திருக்குறளின் பொருட்பாலில் குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் 71, 72, 73 என்று இந்த வரிசையிலேயே நிற்கின்றன. இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

முதலீட்டாளர் முன்

எலெக்ட்ரானிக் சிட்டியின் இன்ஃபோசிஸ் 1999 மார்ச் 11 அன்று நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களில் அதுவே முதல். அமெரிக்கச் சந்தையோடு அதன் சட்ட வழக்கங்களும் வந்தன. எதிர்காலம் பற்றிய கூற்றுகள் மெய்யாகாமல் போகலாம் என்று எச்சரிக்கும் பக்கம் அவற்றில் ஒன்று; அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தரும் பாதுகாப்பை நாடி எழுதப்படுவது. இந்திய நிறுவனங்களின் முதலீட்டாளர் தொகுப்புகளிலும் அது இப்போது வழக்கமான பக்கம்.

அலகு இன்னொரு பொறி. உள்ளூர் முதலீட்டாளர் கோடியில் நினைக்கிறார், வெளிநாட்டவர் மில்லியனில். 250 கோடி என்பது 2.5 பில்லியன்; இரண்டும் ஒரே தொகுப்பில் கலந்து வந்தால் கேட்பவர் பெருக்கிக்கொண்டிருப்பார், பேச்சு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதல் பக்கத்திலேயே அலகைச் சொல்லிவிட்டு அதிலிருந்து விலகாமல் இருப்பதே தீர்வு.

பயோகான், அதன் குழுமத்தைச் சேர்ந்த சின்ஜீன், நாராயண ஹிருதயாலயா, சன்சேரா எல்லாம் பட்டியலிட்ட நிறுவனங்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிகளின்படி, பகுப்பாய்வாளருக்குக் காட்டும் தொகுப்பைப் பங்குச் சந்தைக்கும் தந்து தங்கள் இணையதளத்திலும் இட வேண்டும். 2021இல் வந்த திருத்தத்தால் காலாண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவை அடுத்த வணிக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும். எழுத்து வடிவத்துக்கு ஐந்து வேலைநாள் அவகாசம். ஆகவே இந்தத் தொழிலைக் கற்க விரும்புவோருக்குச் செலவில்லாத பாடநூல் இந்த எழுத்து வடிவங்களே. தலைமை நிர்வாகியின் தொடக்க உரை சில பக்கங்களில் முடிய, மீதி முழுவதும் கேள்வி பதிலாக இருக்கும். தயாரிப்பின் உண்மையான அளவு அங்கேதான் தெரியும்.

ஜிகணிப் பட்டறையில் விடை தெரியாத கேள்விக்கு, சரிபார்த்து நாளைக்கு உங்களுக்கு எழுதுகிறேன் என்பது மதிப்பான பதில். பட்டியலிட்ட நிறுவனத்தின் நிதித் தலைவர் அதே வாக்கைக் காப்பாற்றப்போய், பங்கு விலையைப் பாதிக்கும் எண் ஒன்றைக் கேட்டவருக்கு மட்டும் அனுப்பினால், உள்வணிகத் தடுப்பு விதிகளின்படி அது மீறல். அந்த எண் முதலில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும்.