வானத்து விடுதியும் வரி கொடுப்போரும்

உடலோடு விண்ணுலகம் புக விழைந்தான் திரிசங்கு. முனிவர் ஏற்றிவிட்டார்; தேவர்கோன் தள்ளிவிட்டான்; இடைவெளியிலே தொங்கினான் மன்னன். இது புராணம்!

விண்ணிலே வலம்வர விழைந்தார் அமெரிக்கச் செல்வர் டென்னிஸ் டிட்டோ. முனிவரைத் தேடவில்லை அவர், பணப்பெட்டியைத் திறந்தார். நாசா தடுத்தது; ரஷ்யா ஏற்றிச் சென்றது. 2001 ஏப்ரல் 28 அன்று புறப்பட்டவர், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் விருந்தினராகத் தங்கித் திரும்பினார். கட்டணம், ஏறத்தாழ இரண்டு கோடி டாலர். இது வரலாறு!

அன்றுமுதல் ஒரு பேச்சு எழுந்தது: "இனி விண்வெளி நிலையங்களைச் சுற்றுலாப் பணமே காக்கும்; அரசுக்குச் சுமை இல்லை." மெய்தானா இது? வரலாற்றைக் கேட்போம்.

1984இல் ராகேஷ் சர்மா சல்யூத் 7 நிலையத்துக்குச் சென்றது சோவியத் நாட்டின் நட்பால். 1990 டிசம்பரில் ஜப்பானியச் செய்தியாளர் அகியாமா மிர் நிலையத்துக்குச் சென்றதோ, அவருடைய தொலைக்காட்சி நிறுவனம் கட்டிய பணத்தால். நட்பு இருந்த இடத்திலே விலைச்சீட்டு வந்து அமர்ந்தது. மறு ஆண்டே சோவியத் ஒன்றியம் சிதைந்தது. மிர் நிலையத்தை வறுமை வாட்டியது. மிர்கார்ப் என்னும் தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. 2000 ஏப்ரலில் இரு வீரர்களைத் தன் செலவிலே அனுப்பியது. டிட்டோவும் அங்கே செல்லவிருந்தவரே. ஆனால் வாடகை வந்தும் வாழ்வு வரவில்லை. 2001 மார்ச் 23 அன்று, எரிந்து சிதறித் தென் பசிபிக் கடலில் வீழ்ந்தது மிர்!

கணக்கையும் பாருங்கள். பன்னாட்டு நிலையத்துக்காக நாசா மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் செலவிடுகிறது. நாளொன்றுக்கு 80 லட்சத்துக்கும் மேல். டிட்டோ தந்த இரண்டு கோடி, இரண்டரை நாள் செலவுக்கே போதும். அவர் தங்கியதோ ஏறத்தாழ ஆறு நாள்! அந்தப் பணம் ரஷ்யாவின் இடர்ப்பாட்டிலே கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஊன்றுகோலைத் தூண் என்பதா?

2001 முதல் 2009 வரை அவ்வழியில் சென்ற செல்வர் எழுவரே. 2011இல் அமெரிக்க விண்ணோடங்கள் ஓய்வு பெற்றன. ரஷ்யக் கலத்தில் இருக்கை வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஆனது அமெரிக்க அரசே! அன்று வாயிலிலே தடுத்த நாசா, 2019இல் தானே கதவைத் திறந்து, ஒருவர் ஓரிரவு தங்க ஏறத்தாழ 35,000 டாலர் என்று விலைப்பட்டியலும் மாட்டியது. 2022 ஏப்ரலில் ஆக்சியம் நிறுவனம் முதற்பயணம் நடத்தியபோது, கட்டணம் கட்டியோர் மூன்று செல்வர். 2025 ஜூன் 25 அன்று அதே நிறுவனத்தின் நான்காம் பயணத்திலே கட்டணம் கட்டியவை எவை? இந்தியா, போலந்து, ஹங்கேரி ஆகிய மூன்று அரசுகள்! செல்வருக்கென்று திறந்த கடையிலே, இறுதியில் வந்து நின்றது மக்களின் பணம்.

சுபான்ஷு சுக்லாவின் அந்தப் பயணத்துக்கு நாம் தந்தது ஏறத்தாழ 550 கோடி ரூபாய் என்பர். 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு நான்கு ரூபாய். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின்முன் நிற்கும் தொழிலாளியும் தந்தார். பூந்தமல்லியில் பூத்தொடுக்கும் தாயும் தந்தார். வீண் என்று சொல்லேன். பாசிப்பயறும் வெந்தயமும் எடையற்ற வெளியில் முளைப்பதை ஆராய்ந்தார் சுக்லா. நம் ககன்யான் திட்டத்துக்குத் தேவையான பட்டறிவும் பெற்று வந்தார். அறிவுக்குக் கொடுத்த விலை அது. கொடுத்தவர் யார் என்பதை மறைக்கலாகாது என்பதே என் வாதம்.

2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்க முனைந்திருக்கிறது இந்தியா. ககன்யானையும் அந்நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து 20,193 கோடி ரூபாய்க்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் தரப்பட்டது. சுற்றுலாச் செல்வர் கட்டிய பணமா இது? அல்ல, வரிப்பணம்!

1955 ஜனவரியில், நம் ஆவடியிலே கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் என்றது. மண்ணுக்குச் சொன்ன அந்தச் சொல் விண்ணுக்கும் பொருந்தவேண்டாமா?

நாளைய நிலையத்தின் ஆய்வுகளில் அரசுப் பள்ளி மாணவனுக்கும் ஒரு மூலை வேண்டும். முடிவுகள் அவன் தாய்மொழியில் அவனை அடையவேண்டும். செல்வர் வரட்டும், கட்டணம் கட்டட்டும், விருந்தினராய்த் தங்கட்டும்! ஆனால், வீட்டுக்கு உரியவர் மக்களே என்பதை வாயிலிலேயே எழுதி வைப்போம்.